தொட்டால் கசியும் ஒளி

பேராக் மாநிலத்து ரப்பர் தோட்டங்களில் ஆயுளின் பெரும்பகுதியைப் பால்மரம் வெட்டியே கழித்து, அத்தோட்டங்கள் செம்பனைக்கும் வீடமைப்புத் திட்டங்களுக்கும் கைமாறிய பின்னர் ஈப்போவைச் சுற்றியுள்ள தாமான்களில் குடியேறிவிட்ட முதியவர்கள், வங்கிக்கோ அரசாங்க அலுவலகத்துக்கோ ஒரு காரியமாகப் போகும்பொழுது, மைகார்டு என்னும் அடையாள அட்டையை முகப்பிடத்தில் நீட்டிவிட்டு, உள்ளங்கையில் அடங்கக்கூடிய ஒரு கருவியின் கண்ணாடிமீது பெருவிரலைப் பதித்துத் தாம் இன்னார் என்று நிரூபிக்கவேண்டியிருக்கிறது. சிலருக்கு முதல் முறையிலேயே ரேகை ஒத்துவிடும். சிலருக்கு நான்கு முறை வைத்தாலும் ஒவ்வாது. அப்பொழுது வரிசையில் பின்னால் நிற்கும் யாரேனும் ஓர் இளைஞர், "நெத்தியில கொஞ்சம் தேய்ச்சிட்டு வைங்க தாத்தா" என்று யோசனை சொல்வார். தாத்தா அரைமனதாக அப்படியே செய்வார், பெரும்பாலும் பலிக்கும். ஏன் பலிக்கிறது என்று கேட்டால் யோசனை சொன்னவருக்கும் தெரியாது, அலுவலருக்கும் தெரியாது. ஆனால் அதற்கு விடை உண்டு; பௌதிக சாஸ்திரத்தில் மிகச் சூட்சுமமான ஒரு மூலையில் அது இருக்கிறது.

குடிமக்கள் அனைவரிடமும் பெருவிரலைக் கேட்கும் வழக்கத்துக்குக் காரணமான சம்பவம் பேராக்கின் தோட்டப்புறத்திலேயே நிகழ்ந்தது. 1948 ஜூன் 16 அன்று சுங்கை சிப்புட் வட்டாரத்துத் தோட்டங்களில் மூன்று ஐரோப்பிய நிர்வாகிகள் சுட்டுக் கொல்லப்பட்டதை அடுத்து அவசரகாலம் பிரகடனம் செய்யப்பட்டது. பன்னிரண்டு வயது நிரம்பிய ஒவ்வொருவரும் புகைப்படமும் பெருவிரல் ரேகையும் கொடுத்து அடையாள அட்டை பெறவேண்டும் என்ற விதியும் அவ்வாண்டே வந்தது. சம்பளப் புத்தகத்தில் கைநாட்டு வைத்துப் பழகிய தோட்டத்து ஜனங்களுக்கு மை புதிதன்று. அந்த அட்டையைச் சட்டைப்பையில் எந்நேரமும் வைத்துக்கொண்டு திரிய வேண்டியதுதான் புதிது. 2001இல் மைகார்டு அறிமுகமானபொழுது, இரண்டு பெருவிரல்களின் ரேகைக் குறிப்புகளும் அட்டையில் பதித்த சில்லுக்குள் சேமிக்கப்பட்டன. மையின் இடத்துக்கு ஒளி வந்தது. (ரேகை படிக்கும் கருவிகள் எல்லாமே ஒளியைக் கொண்டு வேலை செய்வன அல்ல, கைப்பேசிகளில் உள்ளவற்றுள் பல மின்னேற்றத்தைக் கொண்டு அறிகின்றன. கண்ணாடிக்குக் கீழே விளக்கு எரிகிறதே, அந்த வகையைப் பற்றியே இங்கே பேச்சு.)

அந்தக் கருவிக்குள் நுழையுமுன், கிந்தாப் பள்ளத்தாக்கின் ஈயக்குட்டை ஒன்றில் இறங்கிப் பார்ப்பது நலம். 1985இல் உலகச் சந்தையில் ஈயத்தின் விலை சரிந்து ஈயச் சுரங்கங்களாகிய லம்பங்கள் ஒன்றன்பின் ஒன்றாக மூடப்பட்டபின், கம்பாரிலும் பத்து காஜாவிலும் தஞ்சோங் துவாலாங்கிலும் நீர் நிறைந்து கிடக்கும் அக்குட்டைகளில் தெளிந்த ஒன்றன் அடியிலிருந்து ஒரு மீன் அண்ணாந்து பார்க்கிறது என்று வைத்துக்கொள்வோம். தலைக்கு நேர் மேலே ஒரு வட்டமான பலகணி தெரியும்; வானம், மேகம், கரையோரத்து மரங்கள், எட்டத்தில் நிற்கும் சுண்ணாம்புக் குன்றுகள் யாவும் அந்த வட்டத்துக்குள்ளேயே சுருங்கி அடங்கியிருக்கும். வட்டத்துக்கு வெளியே வானம் இல்லை. குட்டையின் அடித்தளமே தலைகீழாகப் பிரதிபலிக்கும். நீரிலிருந்து காற்றுக்குள் புகும் ஒளிக்கிரணம், நீரில் குறைவாகவும் காற்றில் மிகுதியாகவும் செல்லும் தன் வேகத்துக்கேற்ப, செங்குத்துக்கோட்டிலிருந்து விலகி வளைகிறது. சாய்வு மிக மிக வளைவும் மிகுந்து, 49 பாகைக்குச் சற்றுக் குறைவான ஒரு கோணத்தில், வெளியேறும் கிரணம் நீர்ப்பரப்பை ஒட்டியே படுத்துவிடுகிறது. இதற்கு மாறுநிலைக் கோணம் என்று பெயர். அதையும் கடந்து சாய்ந்து வரும் கிரணத்துக்கு வெளியேற வழியே இல்லை. முழுவதும் நீருக்குள்ளேயே திரும்புகிறது. வெள்ளி பூசிய நிலைக்கண்ணாடிகூடத் தன்மேல் விழும் ஒளியில் நூற்றுக்குச் சில பங்கை விழுங்கிவிடும். இந்த முழு அகப் பிரதிபலிப்பு எதையும் விழுங்குவதில்லை. தொலைநோக்கிகளுக்குள் கண்ணாடித் தகட்டுக்குப் பதிலாகப் பட்டகங்களை வைப்பது இதனாலேதான்.

கெப்ளர் 1611இலேயே இதனைக் கண்டு எழுதிவிட்டார். ஒளி எவ்வளவு வளையும் என்ற கணக்கை ஸ்நெல் கண்டது அதற்குப் பத்து ஆண்டுகளுக்குப் பின்னர். ஊடகத்தின் ஒளிவிலகல் எண் கூடினால் மாறுநிலைக் கோணம் குறையும்: நீருக்கு 1.33, சாதாரணக் கண்ணாடிக்கு ஏறத்தாழ 1.5, வைரத்துக்கு 2.42. வைரத்தின் மாறுநிலைக் கோணம் 24 பாகையளவே ஆதலால், உள்ளே புகுந்த ஒளி எளிதில் வெளியேற மாட்டாமல் முகத்துக்கு முகம் மோதித் திரும்பி, பட்டை தீட்டியவன் வகுத்த வழியாகவே வெளிப்படுகிறது. ஈப்போவாசிகளுக்கு இன்னொரு செய்தியையும் சொல்லத் தோன்றுகிறது. அவர்களுடைய ஊரை ஊராக்கிய ஈயக்கல்லின் ஒளிவிலகல் எண்ணும் ஏறக்குறைய 2. ஒளியை நிறங்களாகப் பிரித்துக் காட்டும் ஆற்றலில் அது வைரத்தையும் மிஞ்சியது. தெளிவான ஈயக்கல் படிகம் அபூர்வம்; கிடைத்தால் பட்டை தீட்டி மோதிரத்தில் வைக்கலாம். மற்றவை உலைக்குப் போயின.

இனிக் கதையின் சூட்சுமமான பகுதி. கிரணம் எல்லையில் மோதி முழுவதும் திரும்புகிறது என்றோம். முழுவதும் திரும்புவது உண்மையே; ஆனால் எல்லைக்கோட்டிலேயே திரும்பிவிடுவதில்லை. லயத்து வீட்டுக்குள் அடைபட்ட குழந்தை வாசற்படி வரையில் வந்து வெளியே எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே ஓடுவதுபோல, ஒளியலை எல்லையைத் தாண்டித் தன் அலைநீளத்தின் ஒரு பகுதியளவு தூரம் வெளியே நீட்டி, வேகமாக மங்கி மறைகிறது. வெளியே வெறும் காற்றுத்தான் இருக்கிறது என்றால் நஷ்டம் ஒன்றுமில்லை. ஆனால் அந்த நுண்ணிய தூரத்துக்குள், கண்ணாடியை ஒட்டி, அடர்த்தியான வேறு ஒரு பொருள் வந்து நின்றால், நீண்ட ஒளி அதனுள் ஏறிப் போய்விடும். நியூட்டன் இரண்டு பட்டகங்களை ஒன்றோடொன்று அழுத்தி, அவை ஸ்பரிசிக்கும் இடத்தில் பிரதிபலிப்பு அற்றுப்போய்க் கண்ணாடி ஊடுருவித் தெரிவதைக் கண்டார். கண்ணுக்குப் புலனாகும் ஒளியின் அலைநீளம் ஒரு மில்லிமீட்டரின் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவு ஆகையால், இடைவெளியைக் கூட்டியும் குறைத்தும் அளப்பது அவர் காலத்தில் இயலாத காரியம். அதைச் செய்து காட்டியவர் கல்கத்தாவின் ஜகதீச சந்திர போஸ். ஒளிக்கு இனமாகிய, ஆனால் அலைநீளம் பன்மடங்கு பெரிதாகிய மின்காந்த அலைகளை அவரே உண்டாக்கி, இரு பட்டகங்களுக்கிடையே காற்றின் கனத்தைச் சிறிது சிறிதாக மாற்றி, எவ்வளவு திரும்புகிறது, எவ்வளவு தாண்டிப் போகிறது என்று அளந்து 1897இல் வெளியிட்டார். கம்பியில்லாத் தந்தியின் சரித்திரத்தில் போஸின் பெயரை எடுத்துச் சொல்லும் நம்மவர்கள் இந்தப் பரிசோதனையை ஏனோ சொல்வதில்லை. என் மட்டில் இது அதற்கு எவ்விதத்திலும் தாழ்ந்ததன்று.

இப்பொழுது முகப்பிடத்துக் கருவியைத் திறந்து பார்க்கலாம். விரல் வைக்கும் கண்ணாடி உண்மையில் ஒரு பட்டகத்தின் முகம். கீழிருந்து ஒரு சிறு விளக்கு அம்முகத்தின் உட்புறத்தைச் சாய்வாக ஒளிர்விக்கிறது; மறுபுறத்தில் ஒரு புகைப்படக் கண் காத்திருக்கிறது. கண்ணாடிக்கும் காற்றுக்கும் இடையே மாறுநிலைக் கோணம் ஏறத்தாழ 42 பாகை. கண்ணாடிக்கும் நீருக்கும் இடையே ஏறத்தாழ 62 பாகை. ஒளியை இவ்விரண்டுக்கும் நடுவே, 50 பாகையில் என்று வைத்துக்கொள்வோம், செலுத்தினால், மேலே காற்று உள்ள இடத்தில் அது முழுவதும் திரும்பிக் கண்ணுக்குப் போய்ச் சேரும். ஈரம் தொட்ட இடத்தில் வெளியேறித் தோலுக்குள் சிதறும். விரலில் மேடும் பள்ளமும் மாறிமாறி இருக்கின்றன, ஒரு மேட்டுக்கும் அடுத்த மேட்டுக்கும் இடையே அரை மில்லிமீட்டர் போல. பள்ளங்களில் காற்று நிற்பதால் அவை பிரகாசமாகவும், மேடுகள் கண்ணாடியைத் தொடுவதால் கறுப்பாகவும் படத்தில் விழுகின்றன. மை தடவிக் காகிதத்தில் ஒற்றிய அதே கோலம், மையில்லாமல் கிடைக்கிறது.

வறண்டு காய்ந்த விரலுக்கு என்ன நேர்கிறது? மேட்டின் மேற்புறத் தோல் கரடுமுரடாக இருப்பதால், நம் கண்ணுக்குத் தொட்டுக்கொண்டிருப்பதுபோலத் தோன்றினும் சில புள்ளிகளில் மாத்திரமே கண்ணாடியைத் தொடுகிறது. எஞ்சிய இடமெல்லாம் ஒளி எட்டிப் பார்க்கும் தூரத்தைவிடப் பெரிய காற்று இடைவெளி. கருவிக்கு அங்கே விரலே இல்லை. விரல் நுனியில் வேர்வைச் சுரப்பிகள் உண்டேயன்றி எண்ணெய்ச் சுரப்பிகள் கிடையா. வயது ஏற ஏற வேர்வையும் குறைகிறது. நெற்றியிலோ எண்ணெய்ச் சுரப்பிகள் ஏராளம். நெற்றியில் தேய்த்த பெருவிரல் அந்த எண்ணெயை மெல்லிய பூச்சாக ஏற்றுக்கொண்டு, கரடுமுரடான இடைவெளிகளை நிரப்பி, ஒளி ஏறிச் செல்வதற்கு ஒரு பாலம் போட்டுவிடுகிறது. அந்த எண்ணெயின் ஒளிவிலகல் எண் நீரைவிடக் கண்ணாடிக்கு நெருங்கியது என்பது கூடுதல் அனுகூலம். அளவு மிஞ்சினால் பள்ளங்களும் நிறைந்து படம் முழுவதும் கறுத்துப்போகும். அதனால்தான் துடைத்துவிட்டு வைக்கும்படியும் சில வேளைகளில் சொல்கிறார்கள். ஆனால் உளிப்பிடியும் வாளியும் பாலை உறைய வைக்கும் அமிலமுமாக வருஷக்கணக்கில் உழைத்த கையில் மேடுகளே தேய்ந்து போயிருந்தால், நெற்றி எண்ணெயும் உதவாது. அப்படிப்பட்டவர்களை மீண்டும் மீண்டும் அழுத்தச் சொல்லிச் சங்கடப்படுத்துவதைவிட, மற்றப் பெருவிரலைக் கேட்பதே மரியாதை. அட்டையில் இரண்டும் இருக்கின்றன.

மழைக்குப் பேர்போன தைப்பிங் பக்கம் காரோட்டிப் போகிறவர்கள் இதே தத்துவத்தை வேறு உருவில் அனுபவிக்கலாம். சில கார்களில் முன்கண்ணாடியின் உட்புறத்தில் ஒட்டியுள்ள உணரி, கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியைக் கண்ணாடிக்குள் சாய்வாகச் செலுத்தி, திரும்பி வருவதை அளந்துகொண்டே இருக்கும். வெளியே ஒரு துளி விழுந்ததும் அங்கே ஒளி கசிகிறது. திரும்பும் அளவு குறைகிறது. துடைப்பான் தானே அசைகிறது.

பெருவிரலுக்கும் மழைத்துளிக்கும் அனுகூலமான இந்தக் கசிவே, ஒளியைத் தூரதேசத்துக்கு அனுப்ப நினைத்தவர்களுக்குப் பெரும் விக்கினமாக இருந்தது. வளைந்து விழும் நீர்த்தாரைக்குள் ஒளி அடைபட்டு உடன் வளைவதை ஜெனீவாவின் கொல்லாடோன் 1840களின் தொடக்கத்திலேயே காட்டியிருந்தார். நீருக்குப் பதிலாகக் கண்ணாடி இழைகளைக் கற்றையாகக் கட்டி, ஒரு முனையில் உள்ள உருவத்தை மறுமுனையில் பார்க்கலாம் என்பதை 1954இல் லண்டனில் ஹாப்கின்ஸும், பஞ்சாபின் மோகா நகரில் பிறந்த நரிந்தர் சிங் கபானியும் செய்து காட்டினர். ஆனால் வெற்றிழைகள் ஒன்றையொன்று தொட்ட இடத்திலெல்லாம் ஒளி அடுத்த இழைக்குத் தாவியது; விரல்பட்ட எண்ணெய்க்கறை, தூசி, கீறல் யாவும் வழிப்பறி செய்தன. அதே ஆண்டு, அதே நேச்சர் சஞ்சிகையின் அதே இதழில், ஹாலந்து தேசத்து வான் ஹீல் பரிகாரத்தைச் சொல்லியிருந்தார்: இழையின்மேல் ஒளிவிலகல் எண் குறைந்த வேறொரு பொருளை உறையாகப் போர்த்திவிடுவது. ஒளி எட்டிப் பார்ப்பதெல்லாம் உறைக்குள்ளேயே முடிந்துபோகும். உறைக்கு வெளியே யார் தொட்டாலும் அதற்குத் தெரியாது. சில ஆண்டுகளுக்குள் உறையும் கண்ணாடியாலேயே ஆயிற்று. இரைப்பைக்குள் நுழைத்துப் பார்க்கும் வளையும் குழாய் பிறந்தது அப்படித்தான்.

இதற்கு ஒரு நூற்றாண்டுக்கு முன்னர், செய்திக் கம்பிக்கு உறை தேடிய வேறொரு காலத்தில், உலகம் மலாயாக் காடுகளை நாடி வந்தது. கடலடித் தந்திக்குச் செப்புக்கம்பியை உப்புநீர் தொடாமல் காக்கவேண்டியிருந்தது. ரப்பரும் தாரும் கைவிட்டன. 1840களில் சிங்கப்பூரிலிருந்து மாண்ட்கொமரி என்ற வைத்தியர் லண்டனுக்கு அனுப்பிய கட்டாபெர்ச்சா என்னும் மரப்பால் கைகொடுத்தது. 1851இல் இங்கிலாந்துக்கும் பிரான்சுக்கும் இடையிலும், 1870-71இல் சென்னையிலிருந்து பினாங்கு வழியாகச் சிங்கப்பூருக்கும் கடலடியில் சென்ற கம்பிகள் அதைப் போர்த்திக்கொண்டே சென்றன. ரப்பர் மரத்தைப்போல் நாள்தோறும் கீறிப் பால் வடிக்க அம்மரம் இடங்கொடுக்கவில்லை. வெட்டிச் சாய்த்தே பால் எடுத்தார்கள். பேராக் உள்ளிட்ட தீபகற்பத்துக் காடுகளில் அது அருகிப்போனதற்கு வேறு காரணம் தேடவேண்டியதில்லை.

கண்ணாடி இழைக்கு உறை கிடைத்த பிறகும் தூரப் பிரயாணம் கைகூடவில்லை. ஏனெனில் கண்ணாடியில் கலந்திருந்த அசுத்தங்கள் ஒளியைக் குடித்தன. குற்றம் கண்ணாடியின் இயல்பில் இல்லை, அழுக்கிலேயே இருக்கிறது என்று 1966இல் சார்லஸ் காவ் வாதித்தார். ஒரு கிலோமீட்டர் சென்றபின் நூற்றில் ஒரு பங்கு ஒளி எஞ்சினால் போதும் என்று அவர் வைத்த இலக்கை 1970இல் அமெரிக்காவின் கார்னிங் நிறுவனத்தார் எட்டினர். காவுக்கு 2009இல் நோபல் பரிசு கிடைத்தது. இன்று தாமான் வீடுகளின் வாசலுக்கு வரும் இழையில் ஒளி செல்லும் நடுப்பகுதியின் குறுக்களவு ஒரு மில்லிமீட்டரின் ஆயிரத்தில் ஒன்பது பங்கு. உறையோடு சேர்த்து 125 பங்கு. நடுவுக்கும் உறைக்கும் ஒளிவிலகல் எண்ணில் உள்ள வித்தியாசம் நூற்றுக்கு அரைப் பங்கும் இராது. ஆகவே மாறுநிலைக் கோணம் 85 பாகைக்கு ஏறிவிடுகிறது. இழையின் சுவரை ஏறக்குறைய ஒட்டியே செல்லும் ஒளி மாத்திரம் உள்ளே தங்கும். வீட்டில் அந்தக் கம்பியைக் கதவிடுக்கில் நசுக்கவோ கூரிய மூலையில் மடக்கவோ கூடாது என்பதற்கு இதுவே காரணம். வளைந்த இடத்தில் ஒளி சுவரில் மோதும் கோணம் 85க்குக் கீழே இறங்கி, உறையையும் கடந்து வெளியே போய்விடும்.

பழுது பார்க்க வரும் தொழிலாளர் இந்தக் குறையையே கருவியாக்கிக்கொண்டிருக்கிறார். தெருப்பெட்டியில் பிணைந்து கிடக்கும் இழைகளுள் எதில் செய்தி ஓடுகிறது, எது வெறுமையாகக் கிடக்கிறது என்று அறிய அவர் எதையும் அறுப்பதில்லை. இடுக்கி போன்ற ஒரு கருவியில் இழையை மாட்டி இலேசாக வளைக்கிறார். வளைவில் கசியும் அகச்சிவப்பு ஒளியைக் கருவி அளந்து, ஒளி எந்தத் திசையில் போகிறது என்பதையும் காட்டுகிறது. அளவாக வளைப்பதால் உள்ளே ஓடும் செய்தி தடைபடுவதில்லை.