காக்ளியர் இம்பிளாண்ட்: ஆபரேஷன் முடிஞ்சா காது கேட்டுடுமா? பெரியவர்களுக்கு ஏன் பயிற்சி அவசியம்?

ஆபரேஷன் முடிந்து சில வாரங்களில் கருவியை ஆன் செய்கிறார்கள். எதிரே மனைவி பேசுகிறார். ஆனால் காதில் விழுவது பழகிய குரல் அல்ல, ரோபோ பேசுவது போன்ற சத்தம். "இதுக்கா இவ்வளவு செலவு பண்ணோம்?" என்று பலரும் மனம் உடைவது இந்த இடத்தில்தான். உண்மையில் சிகிச்சையின் அடுத்த பாதியே இங்குதான் தொடங்குகிறது.

கருவி என்ன செய்கிறது?

ஹியரிங் எய்டு சத்தத்தைக் கூட்டித் தரும். காக்ளியர் இம்பிளாண்ட் அப்படியல்ல. உள்காதில் நத்தைக்கூடு போல இருக்கும் காக்ளியாவுக்குள் மெல்லிய மின்முனைகளை வைத்து, செவி நரம்பை நேரடியாகத் தூண்டுகிறது. இந்தப் புதிய சிக்னலைப் பேச்சாகப் புரிந்துகொள்ள மூளைக்குப் பழக்கம் வேண்டும்.

யாருக்குத் தேவை?

ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை தோல் தொழிற்சாலைகளில் இயந்திரச் சத்தத்தோடு வேலை செய்பவர்கள் ஏராளம். அதிக சத்தத்தால் வரும் பாதிப்புக்குப் பெரும்பாலும் ஹியரிங் எய்டே போதும். அதுவும் பயன் தராத அளவுக்குக் கடுமையான குறைபாடு இருந்தால்தான் இம்பிளாண்ட் பற்றிப் பேசுவார்கள். வேலூர் சிஎம்சி மருத்துவமனையில் இந்தச் சிகிச்சை உண்டு. 'அப்புறம் பாத்துக்கலாம்' என்று தள்ளிப்போடக் கூடாது. கேட்காமல் கழியும் ஆண்டுகள் கூடக் கூட, பலன் குறைய வாய்ப்பு அதிகம்.

பயிற்சி எப்படி இருக்கும்?

முதலில் 'மேப்பிங்'. ஒவ்வொரு மின்முனைக்கும் எவ்வளவு மின்தூண்டல் தேவை என்று ஆடியாலஜிஸ்ட் செட் செய்வார். முதல் சில மாதங்கள் அடிக்கடி போக வேண்டியிருக்கும்.

பிறகு வீட்டுப் பயிற்சி. வாயை மறைத்துக்கொண்டு ஒருவர் சொல்ல, மற்றவர் திருப்பிச் சொல்ல வேண்டும்.

* முதலில் நீளம் வேறுபடும் சொற்கள்: பூ – வாணியம்பாடி
* அடுத்து, உதட்டசைவில் ஒரே மாதிரி தெரியும் சொற்கள்: படம் – மடம்
* பிறகு நுட்பமான வேறுபாடு: பல்லி – பள்ளி
* கடைசியாக முழு வாக்கியம், செல்போன் பேச்சு

தினமும் அரை மணி நேரம் ஒதுக்கினாலும் நல்லதுதான். பலருக்கு முதல் ஆறு மாதங்களில் நல்ல முன்னேற்றம் தெரியும். ஆனால் வேகம் ஆளுக்கு ஆள் மாறும்.

வேலைக்குத் திரும்பினால்?

அமைதியான அறையில் நன்றாகக் கேட்பவருக்கும், தையல் மெஷின்கள் ஓடும் ஷூ கம்பெனியில் பின்னாலிருந்து சூப்பர்வைசர் கூப்பிட்டால் புரியாமல் போகலாம். இது பயிற்சியின் தோல்வி அல்ல. இரைச்சலில் பேச்சைப் பிரித்தறிவது இம்பிளாண்ட் வைத்தவர்களுக்குக் கடினமான விஷயம். முன்னால் வந்து பேசுங்கள், முக்கியமானதை எழுதிக் காட்டுங்கள் என்று உடன் வேலை செய்பவர்களிடம் முதல் நாளே சொல்லிவிடலாம். மீதமுள்ள கேட்கும் திறனைக் காப்பது பற்றியும் ஆடியாலஜிஸ்ட்டிடம் கேட்க வேண்டும்.

செலவை எப்படிக் கணக்கிடுவது?

அரசின் இலவச இம்பிளாண்ட் திட்டங்கள் பெரும்பாலும் குழந்தைகளை மையமாகக் கொண்டவை. அதனால் பெரியவர்கள் ஆபரேஷன் செலவோடு பேட்டரி, கேபிள், ரிப்பேர், மேப்பிங்குக்குப் போகும் நாட்களின் சம்பள இழப்பு எல்லாவற்றையும் சேர்த்துக் கணக்குப் போட வேண்டும். இன்சூரன்ஸில் எது வரும், எது வராது என்பதை ஆபரேஷனுக்கு முன்பே எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

வீட்டில் இருப்பவர்கள் என்ன செய்யலாம்?

கத்திப் பேச வேண்டாம். டிவியை ஆஃப் பண்ணிட்டு, முகத்தைப் பார்த்து, நிதானமாகப் பேசினால் போதும். புரியலைன்னு சொன்னால் 'ஒண்ணுமில்ல, விடு' என்று மட்டும் சொல்லாதீர்கள். அதே விஷயத்தை வேறு சொற்களில் இன்னொரு முறை சொல்லுங்கள்.