வாயில் வாழும் கிருமி, குடலில் வளரும் கட்டி

வெளிக்குப் போகும்போது ரத்தம் கண்டால் ஊவாத் தேயிலைத் தோட்டங்களில் அதற்குப் பெயர் மூலம். சூடு பிடித்திருக்கிறது என்பார்கள், மோர் குடிப்பார்கள், நாட்டு மருந்து தேடுவார்கள். முகம் வெளுத்து, மலையேறும்போது மூச்சு வாங்கினால் அது சோகை. இரும்புச்சத்து மாத்திரையும் பூச்சி மாத்திரையும் கிடைக்கும். இதைக் குறை சொல்லிவிட முடியாது. ராக்ஃபெல்லர் அறக்கட்டளையினர் 1916இல் இலங்கைத் தோட்டங்களில் கொக்கிப்புழு ஒழிப்பைத் தொடங்கிய காலத்திலிருந்தே, தோட்டத்தில் சோகை என்றால் முதலில் புழுவைத்தான் சந்தேகிப்பார்கள்.

ஆனால் பெருங்குடல் புற்றுநோயும் இதே இரண்டு வேஷங்களில் வரலாம். கட்டி மலக்குடலில் இருந்தால் ரத்தம் கண்ணுக்குத் தெரியும். குடலின் வலப்பக்கத்தில் இருந்தால் யார் கண்ணிலும் படாமல் மாதக்கணக்கில் கசிந்து, கடைசியில் சோகையாகத்தான் வெளியே தெரியவரும்.

வயதும் பரம்பரையும் பெரிதும் பேசப்பட்டுவந்த இந்த நோயில் இப்போது கிருமிகளின் பங்கும் பேசப்படுகிறது. 2012இல் அமெரிக்காவிலும் கனடாவிலும் இரண்டு குழுக்கள் தனித்தனியே பெருங்குடல் கட்டிகளை ஆராய்ந்து, ஒரே கிருமியைக் கண்டன: ஃபியூசோபக்டீரியம் நியூக்ளியேட்டம். இதன் வழக்கமான இருப்பிடம் வாய். பல்லிடுக்கு அழுக்கிலும் நோய்கண்ட ஈறிலும் பெருகுவது. 2024இல் சியாட்டில் நகரின் ஃப்ரெட் ஹட்ச் புற்றுநோய் மையத்தினர் சுமார் 200 கட்டிகளைப் பரிசோதித்தபோது, ஏறக்குறைய பாதியில் இக்கிருமியின் ஒரு குறிப்பிட்ட கிளை இருந்தது. வயிற்று அமிலத்தையும் தாங்கக்கூடிய கிளை அது. கட்டிக்குள் புகுந்துவிட்டால் நோயெதிர்ப்பு அணுக்களை மந்தப்படுத்துகிறது, புற்றுநோய் மருந்துகளின் வேகத்தையும் குறைக்கிறது. நோயைத் தொடக்கிவைப்பதே இதுதான் என்று இன்னும் நிறுவப்படவில்லை. நோயை வளர்த்துவிடுகிறது என்பதற்கு ஆதாரம் வலுத்துக்கொண்டே வருகிறது.

இன்னொரு சந்தேகநபர் ஈ.கோலை. எல்லோர் குடலிலும் இருக்கும் சாதாரணக் கிருமிதான். அதில் சில வகைகள் கோலிபக்டின் என்ற நச்சைச் சுரந்து குடல் அணுக்களின் மரபணுவில் தழும்பு போடுகின்றன. 11 நாடுகளைச் சேர்ந்த 981 கட்டிகளை ஆராய்ந்து 2025இல் வெளியான ஆய்வு, 70 வயதைத் தாண்டியவர்களைவிட 40 வயதுக்குட்பட்ட நோயாளிகளிடம் இந்தத் தழும்புகள் மூன்று மடங்குக்கும் அதிகம் என்றது. சிறுவயதிலேயே அவை விழுந்திருக்க வேண்டும் என்பது ஆய்வாளர்களின் கணிப்பு. அந்த 11 நாடுகளில் இலங்கையும் இல்லை, இந்தியாவும் இல்லை. தோட்ட மக்களின் குடலும் அந்தக் கணக்கில் சேர வேண்டாமா?

தோட்ட மக்களின் வாயைப் பற்றி மருத்துவம் நிறையவே அறிந்திருக்கிறது. இலங்கை ஆண்களிடம் முதலிடம் பிடிக்கும் புற்றுநோய் வாய்ப்புற்று. வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு, புகையிலை எல்லாம் ஒரு சிறு பைக்குள் கொழுந்து மலைக்குப் போகும். பாக்கு தனியாகவே புற்றை உண்டாக்கும் பொருள் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004இல் அறிவித்துவிட்டது. வெற்றிலை போடுவதால் குடல் புற்று வரும் என்று இதை நீட்டிச் சொல்வது தவறு. ஆனாலும் ஈறும் பல்லும் கெட்ட வாயில் ஃபியூசோபக்டீரியம் செழிக்கிறது என்பதால், பல் வைத்தியரைத் தேடிப் போக இன்னொரு காரணமும் சேர்ந்துவிட்டது.

அடுத்தது சாப்பாடு. விடிவதற்கு முன்பே லயத்து அடுப்பில் கோதுமை மா ரொட்டி வெந்துகொண்டிருக்கும். காலைக்குக் கொஞ்சம், மலைக்குக் கட்டிக்கொண்டு போகக் கொஞ்சம். தொட்டுக்கொள்ளத் தேங்காய்ச் சம்பல். கையில் காசில்லாத வாரத்தில் வெறும் மிளகாய்ச் சம்பல். வெள்ளைக் கோதுமை மாவில் 100 கிராமுக்கு நார்ச்சத்து 3 கிராம் அளவே. குடலின் நல்ல கிருமிகளுக்கு நார்தான் இரை. அதைப் புளிக்கவைத்து அவை தரும் பியூட்டிரேட் என்ற அமிலம்தான் பெருங்குடல் சுவரின் அணுக்களுக்கு உணவு. நார் கிடைக்காதபோது சில கிருமிகள் குடற்சுவரைக் காக்கும் சளிப்படலத்தையே தின்னத் தொடங்குவதை எலிகளில் பார்த்திருக்கிறார்கள்.

உணவு மாறினால் என்ன ஆகும்? 2015இல் வெளியான ஓர் ஆய்வில், அமெரிக்கக் கறுப்பினத்தவர் 20 பேருக்குத் தென்னாபிரிக்கக் கிராமத்தின் நார் மிகுந்த சாப்பாட்டையும், அக்கிராமத்தவர் 20 பேருக்குக் கொழுப்பு மிகுந்த அமெரிக்கச் சாப்பாட்டையும் கொடுத்தார்கள். இரண்டே வாரத்தில் அமெரிக்கர்களின் குடலில் பியூட்டிரேட் ஏறியது, அழற்சி தணிந்தது. கிராமத்தவர்களுக்கு நேர்மாறாக நடந்தது.

ஊவாவில் நாருக்குப் பஞ்சமே இல்லை என்பதுதான் வேதனை. மொனராகலைச் சேனைகளில் விளையும் குரக்கனில் கோதுமை மாவைப்போல் மூன்று மடங்குக்கு மேல் நார் உண்டு. வெலிமடையின் போஞ்சியும் கரட்டும் லொறியேறிக் கொழும்புக்குப் போகின்றன. ஆனால் தோட்டத்துத் தட்டில் நிலைமை வேறு. 2016ஆம் ஆண்டின் தேசியக் கணக்கெடுப்பில், ஐந்து வயதுக்குட்பட்ட தோட்டக் குழந்தைகளில் 31.7 சதவீதத்தினர் வயதுக்கேற்ற உயரமில்லாதவர்கள். நாட்டின் சராசரி 17.3. இந்தக் குடும்பங்களிடம் போய் காய்கறி சாப்பிடுங்கள் என்று புத்தி சொல்வதில் அர்த்தமில்லை. அவர்கள் கைக்கு எட்டும் விலையில் குரக்கனும் கடலையும் தோட்டத்துக் கூட்டுறவுக் கடையில் இருந்தால் அது பேச்சு.

கிருமி ஆராய்ச்சி மருந்தாக மாற இன்னும் காலமாகும். நோயை முன்கூட்டியே பிடிக்கும் வழி இப்போதே இருக்கிறது. கண்ணுக்குத் தெரியாத ரத்தத்தைக் காட்டும் மலப் பரிசோதனை எளிது. சிறு மாதிரி போதும். ஆரம்ப சுகாதாரப் பணியாளர்களைப் பயிற்றுவித்து 28,000க்கும் மேற்பட்டோரின் வாயைச் சோதித்த நாடு இது. 1984இல் வெளியான அந்த ஆய்வு உலகுக்கே முன்மாதிரி. அதே வழியில் 50 வயதைத் தாண்டிய தோட்டத்தவருக்கு மலப் பரிசோதனையையும் கொண்டுபோகலாம்.

தடை வேறிடத்தில் இருக்கிறது. மலத்தில் ரத்தம் தெரிந்தால் அடுத்தது கொலனோஸ்கோப்பி, அதாவது குடலுக்குள் கமரா விட்டுப் பார்க்கும் சோதனை. மடுல்சீமையில் கொழுந்து பறிக்கும் ஒரு பெண் கொலனோஸ்கோப்பிக்காகப் பசறை வழியாகப் பஸ்ஸேறிப் பதுளைப் பெரியாஸ்பத்திரிக்குப் போனால் அன்றைய பேர், அதாவது நாள் சம்பளம், போய்விடும். முதல்நாள் குடலைச் சுத்தமாக்க மருந்து குடித்துவிட்டுத் திரும்பத் திரும்பக் கழிப்பறைக்கு ஓட வேண்டும். பல லயங்களில் அது நாலைந்து குடும்பங்களுக்குப் பொதுவானது. ஆக அந்த நாளின் பேரும் இல்லை. சம்பளப் பேச்சுக்குப் போகும் தொழிற்சங்கங்கள் இந்த இரண்டு நாள் பேரையும் தோட்டக் கம்பனிகளிடம் கேட்டு வாங்க வேண்டும்.