ஐகிரவுண்டு ஆஸ்பத்திரியைத் தனியாரிடம் கொடுத்தால் நோயாளிக்கு என்ன கிடைக்கும்?

பிசான நெல் சாகுபடிக்குத் தண்ணீர் விட்ட நாட்களில், ராத்திரி மடையைத் திருப்பிவிட வரப்பில் நடக்கும்போது பாம்பு கடிப்பது தாமிரபரணிப் பாசனத்தில் வழக்கமான ஆபத்து. கண்ணாடி விரியன் கடித்தால் ரத்தம் உறையாமல் போகும், சிறுநீரகம் கெடும். கட்டுவிரியன் கடித்தால் கடிவாய்கூடச் சரியாகத் தெரியாது. கொஞ்ச நேரத்தில் கண் இமை தொங்கும், பிறகு மூச்சு திணறும். ஆஸ்பத்திரியில் முதல் வேலையாக நோயாளியின் ரத்தத்தில் 2 மில்லியை ஈரமில்லாத கண்ணாடிக் குழாயில் எடுத்து, 20 நிமிடம் அசைக்காமல் வைத்துச் சாய்த்துப் பார்க்கிறார்கள். உறையாமல் ஓடினால் விஷம் ஏறிவிட்டது என்று அர்த்தம். உடனே 8 முதல் 10 குப்பி விஷமுறிவு மருந்து ஏற்ற வேண்டும். சில மணி நேரம் கழித்து மறுபடி குழாய், மறுபடி 20 நிமிடம். தேவைப்பட்டால் வெண்டிலேட்டர், டயாலிசிஸ்.

பத்தமடைக்காரரோ முக்கூடல்காரரோ, கையில் காசில்லாமல் வந்தாலும் இதெல்லாம் கிடைக்கும் இடம் பாளையங்கோட்டை ஐகிரவுண்டில் உள்ள திருநெல்வேலி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. 1965-ல் தொடங்கிய கல்லூரி. 150 கோடி ரூபாய் திட்டத்தில் கட்டிய பல்நோக்கு உயர்சிகிச்சைப் பிரிவு 2019 ஜனவரி 27-ல் திறக்கப்பட்டது. தென்காசி, தூத்துக்குடி மாவட்டங்களிலிருந்தும் கடைசி நம்பிக்கையாக இங்கேதான் வருகிறார்கள். தனியார் ஆஸ்பத்திரியில் பணம் தீர்ந்த குடும்பத்துக்குக் கிடைக்கும் பதில் இந்த வட்டாரத்தில் எல்லோருக்கும் தெரியும்: “இனி ஐகிரவுண்டுக்குக் கொண்டு போயிருங்க.”

இப்படிப்பட்ட மருத்துவமனைகளைத் தனியார் நிர்வாகத்திடம் கொடுத்தால் சேவை மேம்படும் என்ற யோசனை நாட்டில் திரும்பத் திரும்ப வருகிறது. நிதி ஆயோக் 2017-ல், மாவட்ட மருத்துவமனைகளுக்குள் இதயம், நுரையீரல், புற்றுநோய் சிகிச்சையைத் தனியார் நடத்த 30 ஆண்டு குத்தகைக்கு இடம் கொடுக்கும் மாதிரி ஒப்பந்தத்தை முன்வைத்தது. 2020 ஜனவரியில் இன்னும் ஒரு படி மேலே போய், தனியார் மருத்துவக் கல்லூரி தொடங்குபவரிடம் மாவட்ட மருத்துவமனையையே ஒப்படைக்கும் வரைவை வெளியிட்டது. அதில் படுக்கைகள் இரண்டு வகை: கட்டணம் கட்டுப்படுத்தப்பட்டவை, சந்தை விலைக்கு விடுபவை.

இந்த யோசனைக்கு மக்களிடம் ஆதரவே இல்லை என்று சொல்ல முடியாது. ஓபி சீட்டுக்குக் காலை ஏழு மணிக்கே வரிசை. இரண்டு மணி நேரம் காத்திருந்து டாக்டரைப் பார்த்தால் இரண்டு நிமிடத்தில் மாத்திரை எழுதிக் கொடுத்து அனுப்பிவிடுகிறார். கூட வந்தவர் வராந்தாவில் பாயை விரித்துப் படுக்க வேண்டியிருக்கிறது. கழிப்பறைக்குள் போக மனம் வராது. ஸ்ட்ரெச்சர் தள்ளவும், பிறந்தது ஆணா பெண்ணா என்று சொல்லவும் காசு கேட்கும் அவலம் தமிழ்நாட்டில் பல ஆஸ்பத்திரிகளில் இன்னும் போகவில்லை. வயசான அம்மாவை இந்த வரிசையில் நிறுத்த மனமில்லாமல் கடன் வாங்கித் தனியாருக்குப் போகிறவரை யாரும் குறை சொல்ல முடியாது.

ஆனால் இந்தக் குறைகளில் எது யார் கையில் இருக்கிறது என்று பாருங்கள். துப்புரவு, காவல், ஸ்ட்ரெச்சர் தள்ளும் பன்னோக்குப் பணி எல்லாம் தமிழ்நாட்டின் பெரிய அரசு மருத்துவமனைகளில் பல ஆண்டுகளாகவே ஒப்பந்த நிறுவனங்களிடம் உள்ளன. ஆட்களை எடுப்பதும் சம்பளம் கொடுப்பதும் நிறுவனம். அந்தச் சம்பளம் குறைவு, வேலைக்கு உத்தரவாதம் கிடையாது. நோயாளி அதிகம் நொந்துகொள்ளும் பகுதி ஏற்கெனவே தனியார் கைக்குப் போன பகுதி என்பதைத் தனியார்மயம் கேட்பவர்கள் சொல்வதில்லை. நிர்வாகம் கைமாறியதாலேயே கழிப்பறை சுத்தமாகிவிடவில்லை.

அதேபோல், தனியார் என்றாலே கெடுதல் என்பதும் உண்மை அல்ல. 2008 செப்டம்பரில் தமிழ்நாட்டில் தொடங்கிய 108 ஆம்புலன்ஸை ஆரம்பம் முதல் நடத்துவது அரசுக்கு வெளியே உள்ள அமைப்புதான். செலவு அரசுடையது, நோயாளியிடம் கட்டணம் இல்லை, வண்டி வந்து சேர்ந்த நேரம் நிமிடக் கணக்கில் பதிவாகிறது. அரசு மாத்திரைகளும் தனியார் கம்பெனித் தயாரிப்புகளே. 1994-ல் உருவான தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் மொத்தமாக டெண்டர் விட்டு வாங்குகிறது, மாதிரியை ஆய்வகத்தில் சோதிக்கிறது, ஒவ்வொரு ஆஸ்பத்திரிக்கும் பாஸ்புக் போட்டு மாவட்டக் கிடங்கிலிருந்து கொடுக்கிறது. கேரளமும் ராஜஸ்தானும் இந்த முறையைப் பார்த்துத் தங்கள் கழகங்களை அமைத்தன. தயாரிப்பவரும் ஓட்டுபவரும் தனியாராக இருக்கலாம். என்ன வேண்டும், யாருக்கு, என்ன விலைக்கு என்பதை முடிவு செய்வது அரசாக இருந்தது. அதனால்தான் இவை ஓடுகின்றன.

நெல்லைக்காரர்கள் உடனே சுட்டிக்காட்டும் உதாரணம் ஒன்று உண்டு. 1976-ல் மதுரையில் 11 படுக்கையுடன் டாக்டர் ஜி. வெங்கடசாமி தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை, 1988-ல் திருநெல்வேலியில் கிளை திறந்தது. அரசு ஆஸ்பத்திரி அல்ல. ஆனாலும் காசு கட்டுபவரின் பணத்தில் இலவசப் பிரிவு நடக்கிறது, கிராமத்து முகாமிலிருந்து முதியவர்களை அழைத்து வந்து, ஆபரேஷன் செய்து, திருப்பி அனுப்புகிறது. கண் திறந்து வீட்டுக்குப் போன பாட்டிகள் இந்த ஆற்றங்கரை ஊர்களில் எத்தனையோ பேர். அரசு செய்ய வேண்டியதை ஒரு அறக்கட்டளை அரசைவிட நன்றாகச் செய்தது என்றால் அதை மனதார ஒப்புக்கொள்ள வேண்டும்.

அப்படியானால் எல்லா சிகிச்சையையும் இந்த மாதிரியில் கொடுத்துவிடலாமே? இங்கேதான் நோயின் தன்மையைப் பார்க்க வேண்டும். கண்புரை அவசர நோய் அல்ல. அடுத்த வாரம் தேதி கொடுக்கலாம். ஆபரேஷன் ஏறக்குறைய எல்லோருக்கும் ஒரே மாதிரி, நேரம் குறைவு, செலவை முன்கூட்டியே கணக்கிடலாம். தேசியப் பார்வையிழப்புத் தடுப்புத் திட்டத்தில் தொண்டு நிறுவனங்களுக்கு ஆபரேஷனுக்கு இவ்வளவு என்று அரசு உதவியும் உண்டு. லாபம் நோக்கமில்லாத நிறுவனம் என்பது இதெல்லாவற்றுக்கும் மேல். பாம்புக்கடிக்குத் தேதி கொடுக்க முடியாது. பூச்சிமருந்து குடித்து வந்தவர் இரண்டு நாள் வெண்டிலேட்டரில் இருப்பாரா இருபது நாளா என்று யாரும் சொல்ல முடியாது. இவர்களை முன்பணம் கேட்காமல் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்றால் நஷ்டத்தைத் தாங்கக்கூடிய ஒருவர் வேண்டும்.

ஒப்பந்தத்தில் ஏழைகளுக்கு இடம் ஒதுக்கினால் போதாதா என்பது அடுத்த கேள்வி. டெல்லி அரசு மாதம் ஒரு ரூபாய் வாடகைக்கு நிலம் கொடுத்த இந்திரபிரஸ்தா அப்போலோ மருத்துவமனை, மூன்றில் ஒரு பங்கு படுக்கைகளில் இலவச சிகிச்சை தர வேண்டும் என்பது ஒப்பந்தம். அதன்படி நடக்கவில்லை என்று டெல்லி உயர் நீதிமன்றம் 2009-ல் தீர்ப்பளித்தது. மருந்தும் சோதனையும் சேர்த்தால்தான் அது இலவசம் என்று நீதிமன்றம் சொல்ல வேண்டியிருந்தது. வழக்குப் போட ஆள் இருந்த தலைநகரத்துக் கதை இது. குஜராத்தில் சிரஞ்சீவி திட்டம் என்ற பெயரில், ஏழைப் பெண்களுக்குப் பிரசவம் பார்க்கத் தனியார் மருத்துவர்களுக்கு அரசு பணம் கொடுத்தது. பெரிதாகப் பாராட்டப்பட்ட அந்தத் திட்டத்தால் ஆஸ்பத்திரிப் பிரசவமும் கூடவில்லை, குடும்பத்தின் செலவும் குறையவில்லை என்று உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்விதழில் 2014-ல் வந்த ஆய்வு காட்டியது.

நிர்வாகத்தையே ஒப்படைத்த ஊரும் உண்டு. இங்கிலாந்தின் ஹிஞ்சிங்புரூக் அரசு மருத்துவமனையை 2012-ல் சர்க்கிள் என்ற கம்பெனி பத்தாண்டு ஒப்பந்தத்தில் எடுத்தது. நஷ்டம் ஐம்பது லட்சம் பவுண்டைத் தாண்டினால் விலகிக்கொள்ளலாம் என்று ஒப்பந்தத்தில் வழி இருந்தது. 2015-ல் விலகிவிட்டது. ஆஸ்பத்திரி மறுபடி அரசிடம் வந்தது.

விலகிப்போவது என்றால் என்ன என்று நெல்லை மாவட்டத்துக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. மாஞ்சோலையில் தோட்டம் போட 1929-ல் சிங்கம்பட்டி ஜமீனிடம் 99 ஆண்டு குத்தகைக்கு மலையை எடுத்த கம்பெனி, குத்தகை முடிய நாலு வருஷம் இருக்கும்போதே, 2024-ல் தொழிலாளர்களை விருப்ப ஓய்வில் அனுப்பிவிட்டுக் கடையைக் கட்டியது. 1951-ம் ஆண்டு தோட்டத் தொழிலாளர் சட்டப்படி அங்கே மருத்துவ வசதி தருவது தோட்ட முதலாளியின் பொறுப்பாக இருந்தது. தோட்டமே இல்லை என்றானபின், மலையில் காய்ச்சலோடு கிடப்பவர் யாரைக் கூப்பிடுவார்? அரசைத்தான்.

காப்பீட்டு அட்டை இருக்கும்போது எந்த ஆஸ்பத்திரியானால் என்ன என்று கேட்பவர்களுக்கு ஒரு விளக்கம். 2009-ல் தொடங்கி, 2012-ல் மாற்றி அமைக்கப்பட்ட முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை உண்டு. பல உயிர்களைக் காப்பாற்றிய திட்டம், சந்தேகமில்லை. ஆனால் அது பெரும்பாலும் ஆபரேஷன்களுக்கும் உள்நோயாளிச் சிகிச்சைக்கும் விலை குறித்த பட்டியல். சர்க்கரைக்கும் பிரஷருக்கும் மாதாமாதம் மாத்திரை, பிள்ளைக்குச் சளி, ஓபி சோதனை இவையெல்லாம் அதற்கு வெளியே. அரசு மருத்துவமனைகளும் இதே காப்பீட்டிலிருந்து பணம் பெற்றுத் தங்கள் வார்டுகளைச் செம்மைப்படுத்திக்கொள்கின்றன. ஆஸ்பத்திரி கைமாறினால் அந்த வரவும் கைமாறும்.

செலவு எவ்வளவு வேறுபடும்? தேசிய மாதிரி ஆய்வின் 75-வது சுற்றுப்படி (2017–18), பிரசவம் தவிர்த்த ஒரு உள்நோயாளிச் சிகிச்சைக்கு இந்தியக் குடும்பம் சராசரியாக அரசு மருத்துவமனையில் 4,452 ரூபாயும் தனியாரில் 31,845 ரூபாயும் செலவழித்தது. தரத்துக்குக் கொடுக்கும் விலை என்று இதைச் சொல்வார்கள். பிரசவத்தைப் பாருங்கள். 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வில், தமிழ்நாட்டுத் தனியார் பிரசவங்களில் 63.8 சதவீதம் சிசேரியன். அரசு மருத்துவமனைகளில் 36 சதவீதம். சிக்கலான கேஸ்கள் கடைசியில் அரசு மருத்துவமனைக்கே அனுப்பப்படும் மாநிலத்தில் இந்த வித்தியாசத்துக்கு மருத்துவக் காரணம் மட்டும் சொல்ல என்னால் முடியவில்லை. அரசு மருத்துவமனையின் 36-ம் குறைவு அல்ல என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

நோய் வராமல் தடுக்கும் வேலையும் உண்டு. 2012 கோடையில் கடையநல்லூர் பக்கம் டெங்கு பரவியபோது, அப்போது தென்காசியோடு ஒன்றாக இருந்த நெல்லை மாவட்டம் முழுக்கக் காய்ச்சல் முகாம் போட்டார்கள். வீடு வீடாகப் போய் டிரம்மிலும் தொட்டியிலும் எட்டிப் பார்த்துக் கொசுப் புழுவுக்கு மருந்து ஊற்றினார்கள். அந்த ஆண்டு மாநிலத்தில் 66 பேர் டெங்குவில் இறந்ததாக அரசுக் கணக்கு. வராமல் தடுத்த காய்ச்சலுக்கு யாரும் பில் போட முடியாது. நோய் குறைந்தால் வருமானம் குறையும் ஒரு நிறுவனத்திடம் இந்த வேலையைக் கேட்பது அதற்கே நியாயமல்ல. 1939-ம் ஆண்டுப் பொதுசுகாதாரச் சட்டமும் இதற்கென்று தனித் துறையும் தமிழ்நாடு வைத்திருப்பதன் பலன்தான் அந்தக் காய்ச்சல் முகாம்கள். பாம்புக்கடியை அறிவிக்க வேண்டிய நோயாக 2024 நவம்பரில் அரசால் சேர்க்க முடிந்ததும் அந்தச் சட்டத்தால்தான். இனி தனியார் ஆஸ்பத்திரியும் கணக்கு கொடுத்தாக வேண்டும்.

எனவே என் பதில்: ஆஸ்பத்திரியைக் கொடுப்பதால் நோயாளிக்கு மேம்பாடு வராது. ஆனால் எண்ணி, அளந்து, விலை பேசக்கூடிய சில வேலைகளைக் கண்டிப்பான ஒப்பந்தத்தில் கொடுக்கலாம். ஐகிரவுண்டு வரிசை குறைய வேண்டுமானால் அம்பாசமுத்திரம், சேரன்மகாதேவி போன்ற அரசு மருத்துவமனைகளில் ராத்திரியிலும் மகப்பேறு டாக்டரும் மயக்க மருந்து டாக்டரும் இருக்க வேண்டும். அம்பாசமுத்திரத்திலிருந்து பாளையங்கோட்டை சுமார் 35 கிலோமீட்டர். ரத்தப்போக்கோடு வருகிற பிரசவத்துக்கு அது மிக நீண்ட தூரம்.

நர்சுகள் விஷயம் இன்னும் அவசரம். 2015-ல் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் வழியாக எடுத்தவர்களுக்கு அப்போது மாதம் 7,700 ரூபாய் தொகுப்பூதியம். இரண்டு வருஷத்தில் பணி நிரந்தரம் என்ற நம்பிக்கையில் சேர்ந்தவர்கள், 2017 நவம்பரில் சென்னையில் போராட்டத்தில் உட்கார வேண்டியிருந்தது. அதோடு போராட்டம் ஓயவும் இல்லை. பாம்புக்கடி வார்டில் 20 நிமிடக் கணக்கு பார்த்து ரத்தக் குழாயைச் சாய்க்கிறவர்களில் இவர்களும் உண்டு. உங்கள் ஊர் மருத்துவமனையில் அனுமதித்த நர்ஸ், டாக்டர் பணியிடம் எத்தனை, இன்று வேலையில் இருப்பவர் எத்தனை பேர், இரவுப் பணிக்கு யார் என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணத்தோடு ஒரு மனு எழுதிக் கேட்கலாம். 30 நாளில் பதில் தர வேண்டும்.