அரிசி மூட்டை மட்டும் போதாது

2023 ஜனவரி 27, வெள்ளிக்கிழமை. ஆக்லாந்தின் பல பகுதிகளில் ஒரே நாளில் 200 மில்லிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. விமான நிலையத்துக்குள் வெள்ளம் புகுந்தது. நான்கு பேர் இறந்தார்கள். மூன்று வாரம் முடிவதற்குள் கேப்ரியல் புயல். ஆக்லாந்தின் மேற்குக் கடற்கரையில் முரிவாய், பிஹா, கரேகரே பக்கம் மண் சரிந்து சாலைகள் அடைபட்டன. கரண்ட் இல்லாமல் மக்கள் தவித்தார்கள். பிப்ரவரி 14 அன்று தேசிய அவசரநிலை அறிவிக்கப்பட்டது. நியூசிலாந்து வரலாற்றில் அது மூன்றாவது முறை.

குறைந்தது மூன்று நாள் யார் உதவியும் இல்லாமல் சமாளிக்கத் தயாராக இருங்கள் என்கிறது இங்குள்ள பேரிடர் நிர்வாகம். நம் தமிழ் வீடுகளில் இதைக் கேட்டால் பலர் கவலைப்படுவதில்லை. ஆக்லாந்தின் சாண்ட்ரிங்ஹாம் கடைகளில் வாங்கிய அரிசி மூட்டை இருக்கிறது. துவரம்பருப்பு, உளுந்து, ரவை எல்லாம் டப்பா நிறைய இருக்கிறது. ஆனால் இங்கே பெரும்பாலான வீடுகளில் மின்சார அடுப்புதான். கரண்டும் தண்ணீரும் நின்றுவிட்டால் அந்த மூட்டையிலிருந்து ஒரு பிடி சோறு வராது. பசியில் பார்பிக்யூவையோ கரி அடுப்பையோ வீட்டுக்குள்ளும் கராஜுக்குள்ளும் பற்றவைப்பது உயிருக்கே ஆபத்து. அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. தூக்கத்திலேயே ஆளை முடித்துவிடும்.

ஆகவே, அடுப்பே பற்றவைக்காமல் எதைச் சாப்பிடலாம் என்று பார்த்துச் சேர்க்க வேண்டும். நமக்கு இதில் குறையே இல்லை. மெல்லிய அவலைத் தண்ணீர் தெளித்துப் பிசறி, வெல்லமோ ஊறுகாயோ சேர்த்தால் ஒரு வேளை ஆயிற்று. பொட்டுக்கடலை மாவு, வறுத்த வேர்க்கடலை, பேரீச்சம்பழம், எள்ளுருண்டை, பால் பவுடர், டின்னில் வரும் கொண்டைக்கடலை, டின் மீன். கூடவே கையால் திருகும் டின் ஓப்பனர் ஒன்று. கைக்குழந்தை இருந்தால் அதன் பால் மாவும், ஊரிலிருந்து வந்திருக்கும் அப்பா அம்மாவின் சர்க்கரை, பிரஷர் மாத்திரைகளும் அதே பெட்டியில் இருக்கட்டும்.

தண்ணீருக்குக் காசே தேவையில்லை. குடிக்க ஒருவருக்கு நாளைக்கு 3 லிட்டர். நான்கு பேருக்கு மூன்று நாளைக்கு 36 லிட்டர், அதாவது ஒன்றரை லிட்டர் பாட்டில் 24. குளிர்பானப் பாட்டில்களை நன்றாகக் கழுவி, குழாய்த் தண்ணீரை விளிம்பு வரை நிரப்புங்கள். வாசனை சேர்க்காத சாதாரண வீட்டு ப்ளீச் லிட்டருக்கு ஐந்து சொட்டு விட்டு மூடுங்கள். அரை மணி நேரத்துக்குப் பிறகே குடிக்கலாம். ஆண்டுக்கொரு முறை மாற்ற வேண்டும். பால் வந்த பிளாஸ்டிக் பாட்டில் மட்டும் வேண்டாம். எவ்வளவு கழுவினாலும் பால் சத்து அதில் ஒட்டியிருக்கும், கிருமி வளரும்.

இவை எல்லாவற்றையும் ஒரே நாளில் வாங்க நினைத்தால் பர்ஸ் தாங்காது. இந்த நாட்டில் அரிசிக்கும் பருப்புக்கும்கூட 15 சதவீத ஜிஎஸ்டி. வாரச் சாமானோடு ஒரு டின், ஒரு பாக்கெட் என்று கூடுதலாக எடுத்துவாருங்கள். பழையதை முன்னால் வைத்துச் சாப்பிட்டு, புதியதைப் பின்னால் வைத்தால் எதுவும் வீணாகாது. பெரிய சூப்பர்மார்க்கெட்டுகள் கிலோவுக்கு, லிட்டருக்கு என்ன விலை என்று காட்டியே ஆக வேண்டும் என்பது இப்போது சட்டம். பாக்கெட்டின் அளவைப் பார்க்காமல் அந்தச் சிறிய எழுத்தைப் பாருங்கள். ‘பெஸ்ட் பிஃபோர்’ தேதி தாண்டிய பொருளைத் தள்ளுபடியில் விற்கலாம், நல்ல நிலையில் இருந்தால் தாராளமாக வாங்கலாம். ‘யூஸ் பை’ தேதி தாண்டியதை விற்பதே குற்றம். அலமாரியில் ஒரு விலை, பில்லில் அதைவிடக் கூடுதல் என்றால் அங்கேயே கேட்டுத் திரும்ப வாங்குங்கள். அடிக்கடி நடந்தால் காமர்ஸ் கமிஷனில் புகார் செய்யலாம்.

சேர்த்த பெட்டியைக் கராஜ் தரையில் வைக்காதீர்கள். வெள்ளம் வந்தால் முதலில் நனைவது அந்த இடம்தான். வெள்ளநீர் பட்ட அரிசி, மாவு, பாக்கெட் எதையும் காயவைத்துப் பயன்படுத்தக் கூடாது. அதில் சாக்கடையும் கலந்திருக்கும். கரண்ட் போனால் முதலில் ஃபிரிட்ஜில் உள்ளதைச் சாப்பிடுங்கள், அடுத்து ஃப்ரீசரில் உள்ளது, கடைசியாகத்தான் பெட்டி. ஃப்ரீசரை அடிக்கடி திறக்காதீர்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் வீடு பாதிக்கப்பட்டால் உங்களுக்குச் சில வழிகள் உண்டு. வாடகை வீடு உங்கள் தவறில்லாமல் வாழ முடியாதபடி சேதமானால், வாடகை அதற்கேற்பக் குறைய வேண்டும். இரண்டே நாள் நோட்டீஸ் கொடுத்து நீங்கள் வெளியேறலாம். 1986-ஆம் ஆண்டு வாடகைக் குடியிருப்புச் சட்டம் இதைச் சொல்கிறது. உரிமையாளர் மறுத்தால் வாடகைத் தகராறுகளைத் தீர்க்கும் டெனன்சி ட்ரிப்யூனல் இருக்கிறது. அவருடைய காப்பீடு உங்கள் பொருள்களுக்குச் செல்லாது. அரசின் இயற்கைப் பேரிடர்க் காப்பீடும் வீட்டுச் சாமான்களுக்குக் கிடையாது. அதற்குத் தனியாக எடுத்த காப்பீடுதான் கைகொடுக்கும். வீட்டை விட்டு வெளியேற நேர்ந்தால் உணவு, உடை, படுக்கை, தங்குமிடத்துக்கு அரசின் உதவித்தொகை அலுவலகமான வொர்க் அண்ட் இன்கம் வழங்கும் சிவில் டிஃபென்ஸ் பேமென்ட்டைக் கேளுங்கள். அரசு உதவித்தொகை (பெனிஃபிட்) வாங்காதவர்களும், வேலையில் இருப்பவர்களும் இதைக் கேட்கலாம். நம்மவர்கள் கூச்சப்பட்டு விட்டுவிடும் உதவி இது. எண் 0800 559 009. நனைந்ததைக் குப்பையில் போடும் முன் எல்லாவற்றையும் போனில் படம் எடுத்துவிடுங்கள், காப்பீட்டு நிறுவனம் முதலில் கேட்பது அதைத்தான்.