ஈயமற்ற பெற்றோலும் பழைய மோட்டார் வண்டிகளும்

இலங்கையின் வீதிகளில் மொரிஸ் மைனர் வண்டிகள் இன்றும் ஓடுகின்றன. 1948 முதல் 1971 வரை இங்கிலாந்திலே செய்யப்பட்ட இவை, ஈயங் கலந்த பெற்றோல் வழங்கிய காலத்தில் பிறந்தவை. அப்பெற்றோல் 2002 ஆம் ஆண்டில் இந்நாட்டில் நிறுத்தப்பட்டது. தந்தையார் விட்டுச்சென்ற வண்டி இதனாற் கெட்டுவிடுமோ என அஞ்சுவோர் இன்றும் உளர். அவ்வச்சத்தில் உண்மை எவ்வளவு?

ஈயம் பெற்றோலில் இயற்கையாக இருந்ததன்று. எஞ்சினில் எழும் தட்டொலியை அடக்கும் வழியைத் தேடிய அமெரிக்கராகிய தோமஸ் மிட்ஜ்லி, 1921 இல் ஈயச் சேர்மம் ஒன்று அதற்கு உதவுமெனக் கண்டார். அச்சேர்மம் வேறொரு நன்மையையும் செய்தது. எரிந்த வாயு வெளியேறும் வால்வு, எஞ்சின் நிமிடத்திற்கு 3000 முறை சுழலும்போது, செக்கனுக்கு 25 முறை தன் இருக்கையில் வந்து மோதுகின்றது. ஈயத்தின் மெல்லிய படிவு இவ்விரண்டிற்கும் இடையே மெத்தை போல அமைந்தது. அஃது இல்லாதபோது, செந்தணலாய்க் காயும் வால்வு, மென்மையான வார்ப்பிரும்பு இருக்கையோடு நுண்ணியதாய் ஒட்டி, அதனைச் சிறிது சிறிதாகப் பெயர்த்தெடுக்கும். இருக்கை தேய, வால்வு உள்ளே அமிழும். ஈற்றில் அது முற்றாக மூடாமற் கருகிவிடும்.

ஆயினும், இத்தேய்வு மறைவாக நிகழ்வதன்று, அளந்தறியத்தக்கது. இருக்கை தேயுந்தோறும் வால்வின் இடைவெளி குறையும். மொரிஸ் மைனருக்கு அது குளிர்ந்த நிலையில் 0.012 அங்குலம். சரிசெய்த இடைவெளி மீண்டும் மீண்டும் விரைவிற் குறைந்தால், தேய்வு தொடங்கிவிட்டதென அறியலாம். அப்போது சிலிண்டர் தலையைக் கழற்றி, கடினமான உருக்கு இருக்கைகளைப் பொருத்துவதே நிலையான பரிகாரம். நெடுந்தூரம் வேகமாக ஓட்டுவோருக்கே இது விரைவில் வேண்டப்படும். ஊருக்குள் மெதுவாக ஓடும் வண்டி பல்லாண்டு தாங்கும். தட்டொலி கேட்பின், 95 ஒக்ரேன் பெற்றோலை இடுதலோ, தீப்பொறி நேரத்தைச் சற்றுப் பின்தள்ளுதலோ தகும்.

புகையோடு வெளியேறிய ஈயம் குழந்தைகளின் இரத்தத்திற் கலந்து மூளையின் வளர்ச்சியைக் குன்றச் செய்தது. அதனாலேயே உலகம் அதனைக் கைவிட்டது. இறுதியாக அல்ஜீரியா 2021 இல் அதன் விற்பனையை நிறுத்தியது. தேய்ந்த வால்வு இருக்கையை மாற்றிவிடலாம். குன்றிய மூளைக்கு மாற்று இல்லை.