வெயில் அடிக்கும்போதே ஆறு பெருகும்: கூடாரம் போடும் முன் தெரிந்துகொள்ளுங்கள்

பாகான் நக்கோடா ஓமார் தொடங்கி செகிஞ்சான், கோல சிலாங்கூர் வரை நம் வட்டாரம் முழுக்கச் சமவெளி. ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வயலும் செம்பனையும். அதனால்தானோ என்னவோ, பள்ளி விடுமுறை வந்தால் நம் பிள்ளைகளை மலையும் ஆறும் இழுக்கின்றன. வேனில் சட்டி பானையை ஏற்றிக்கொண்டு உலு சிலாங்கூர் பக்கம் போய், ஆற்றோரம் கூடாரம் போட்டு ஓர் இரவு தங்கி வருகிறார்கள். நல்ல பொழுதுபோக்குதான். ஆனால் நாம் பழகிய தண்ணீர் வேறு, மலைத் தண்ணீர் வேறு.

நம் கடல் நாளுக்கு இரண்டு முறை ஏறி, இரண்டு முறை இறங்கும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிக் கூடுதலாக ஏறும். வயல் வாய்க்கால் நிரம்பினாலும் மெல்லத்தான் நிரம்பும். பொருளை எடுத்து மேலே வைக்க நேரம் கிடைக்கும். மலை ஆறு அந்த நேரத்தைத் தராது.

கெப்பாலா ஆயர் என்பது என்ன?

மலை உச்சியில் கனமழை கொட்டினால், அந்த நீர் முழுவதும் செங்குத்தான சரிவுகளில் ஓடி ஒரே குறுகிய பள்ளத்தில் சேர்கிறது. வழியில் மரக்கட்டைகளும் கற்களும் அடைத்துக்கொண்டால் பின்னால் நீர் தேங்கும். அடைப்பு உடைந்ததும் எல்லாம் ஒரே வீச்சில் கீழே பாயும். இதைத்தான் மலாய்க்காரர்கள் ‘கெப்பாலா ஆயர்’ என்கிறார்கள். நீங்கள் குளிக்கும் இடத்தில் வெயில் அடித்துக்கொண்டிருக்கும். ஒரு சொட்டு மழை இருக்காது. சில நிமிடங்களில் முழங்கால் அளவு நீர் தலைக்கு மேல் போய்விடும்.

2021 ஆகஸ்டு 18ஆம் தேதி கெடா, யான் மாவட்டத்தில் குனோங் ஜெராய் மலையிலிருந்து இப்படிப் பாய்ந்த வெள்ளம் 6 பேரின் உயிரைப் பறித்தது.

காய்ந்து கிடக்கும் பாலைவனத்தில்கூட இது நடக்கும். அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் ஆன்டலோப் கேன்யன் என்ற குறுகிய பாறைப் பள்ளத்தாக்கு உள்ளது. 1997 ஆகஸ்டு 12ஆம் தேதி அங்கே இறங்கிய சுற்றுப்பயணிகள் 11 பேர் வெள்ளத்தில் மாண்டனர். மழை பெய்ததோ பல மைல் தள்ளி. பாறையும் கெட்டி மணலும் நீரை உறிஞ்சாததால், அத்தனையும் பள்ளத்தாக்குக்குள் பாய்ந்தது. பாலைவனமோ மழைக்காடோ, பள்ளத்தில் இருப்பவருக்கு ஆபத்து, அவர் கண்ணுக்குத் தெரியாத மேட்டிலிருந்துதான் வருகிறது.

மண்ணும் நகரும்

நீர் மட்டுமல்ல, மண்ணும் இறங்கி வரும். 2022 டிசம்பர் 16 அதிகாலை, பத்தாங் காலியில் முகாம் தளம் ஒன்றின் மேல் மலைச்சரிவு விழுந்ததை நாம் மறக்க முடியாது. பள்ளி விடுமுறையில் குடும்பத்தோடு தங்க வந்தவர்கள். பிள்ளைகள் உட்பட 31 பேர் உறக்கத்திலேயே போய்விட்டார்கள். அந்த இடத்தில் பண்ணை நடத்த அனுமதி இருந்தது, முகாம் தளம் நடத்த உரிமம் இல்லை என்று அரசாங்கம் பின்னர் தெரிவித்தது. கழிப்பறை, விளக்கு, வாகன நிறுத்துமிடம் எல்லாம் இருப்பதால் மட்டும் ஓர் இடம் பாதுகாப்பானது என்று ஆகிவிடாது.

கிளம்பும் முன்

முதலில், அது யாருடைய நிலம் என்று கேளுங்கள். வனக் காப்பகம் என்றால் 1984ஆம் ஆண்டு தேசிய வனச் சட்டப்படி நுழைய அனுமதி தேவை. மாவட்ட வன அலுவலகத்தில் விசாரிக்கலாம். தனியார் தளம் என்றால், முகாம் நடத்த உரிமம் இருக்கிறதா என்று ஊராட்சி மன்றத்திடம் கேளுங்கள். அனுமதி எடுத்துப் போனால், உள்ளே எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று ஒருவருக்காவது தெரியும்.

இரண்டாவது, மலேசிய வானிலை ஆய்வுத் துறையின் அறிவிப்பைப் பாருங்கள். போகும் இடத்துக்கு மட்டுமல்ல, அதற்கு மேலே உள்ள மலைக்கும் சேர்த்துப் பாருங்கள். பல நாள் தொடர்ந்து மழை பெய்திருந்தால் சரிவின் அடியில் தங்கவே வேண்டாம்.

மூன்றாவது, ஆற்று மணல் திட்டில் கூடாரம் போடாதீர்கள். அந்தத் திட்டு உருவானதே வெள்ளத்தால்தான். இருட்டும் முன்பே மேட்டுக்கு ஏறும் வழியைப் பிள்ளைகளுக்குக் காட்டி வையுங்கள்.

தெளிந்த நீர் திடீரென்று கலங்கினால், இலையும் சுள்ளியும் மிதந்து வந்தால், மேலிருந்து இரைச்சல் கேட்டால், பொருளைத் தேடாமல் மேட்டுக்கு ஓடுங்கள். கூடாரம் போனால் வேறு வாங்கிக்கொள்ளலாம்.

நம் கடற்கரையில் தங்குவோருக்கும் ஒரு சொல். கடல் ஏற்ற நேரத்தைப் பார்த்து, அலை ஒதுக்கிய குப்பைக் கோட்டுக்கு மேலே தங்குங்கள். ஏப்ரலில் இருந்து ‘சுமத்ரா’ காற்று விடியற்காலையில் மழையோடு அடிக்கும். கயிற்றை இறுக்கிக் கட்டுங்கள்.

காட்டுக்குள் பல இடங்களில் கைப்பேசி எடுக்காது. 999க்கு அழைக்கக்கூட முடியாது. ஆகவே எங்கே போகிறோம், எத்தனை மணிக்குத் திரும்புவோம் என்று வீட்டில் எழுதி வைத்துவிட்டுக் கிளம்புங்கள். சொன்ன நேரத்துக்கு நீங்கள் வராவிட்டால், எங்கே தேடுவது என்று அம்மாவுக்காவது தெரிந்திருக்க வேண்டும்.