பிள்ளையை எந்த பேஸ்பால் லீக்கில் சேர்ப்பது?

விளையாட்டு உடலுக்கு உரம், உள்ளத்துக்கு ஊக்கம். பிள்ளைகள் விளையாட வேண்டும் என்பதில் பெற்றோர் யாருக்கும் இரு கருத்து இல்லை. ஆனால் யாரோடு விளையாடுவது, யார் மேற்பார்வையில் விளையாடுவது, எந்த விதிகளின்படி விளையாடுவது என்ற கேள்விகள் எழும்போதுதான் தயக்கம் பிறக்கிறது. இத்தயக்கத்தை ஆண்டுதோறும் சந்திக்கிறவர்கள் அமெரிக்க நாட்டுப் பெற்றோர்கள். அங்கே குளிர்காலம் முடியும் முன்பே சிறுவர் பேஸ்பால் லீக்குகள் பெயர்ப்பதிவைத் தொடங்கிவிடுகின்றன. ஒரே வட்டாரத்தில் இரண்டு மூன்று லீக்குகள் இருப்பதும் உண்டு. அவற்றுள் நல்லதை எப்படித் தேர்ந்தெடுப்பது? கோப்பைகளை அதிகம் வென்ற லீக் எது என்று பார்த்தால் போதுமா? சற்று ஆராய்ந்து பார்ப்போம், தோழியரே.

ஆட்டமும் அதன் அமைப்பும்

கிரிக்கெட்டை அறிந்த நமக்கு பேஸ்பால் விளங்குவது கடினமன்று. அணிக்கு ஒன்பது பேர். பந்தை எறிகிறவரைப் பிட்ச்சர் என்பர். அவர் எறியும் பந்து தரையில் படாமல் நேராக மட்டைக்காரரிடம் வரும். அடித்தவர் சதுரத்தின் நான்கு மூலைகளில் உள்ள தளங்களை வரிசையாகத் தொட்டுத் திரும்பினால் ஓர் ஓட்டம். மூன்று பேர் ஆட்டமிழந்தால் அடிக்கும் முறை எதிரணிக்குப் போகும்.

நம் நாட்டில் பிள்ளைகள் பெரும்பாலும் பள்ளியின் வழியாகவே விளையாட்டுத் திடலுக்கு வருகிறார்கள். அமெரிக்காவில் சிறு வயதினரின் பேஸ்பால் பெரும்பாலும் பள்ளியைச் சார்ந்ததன்று. ஊர்ப் பெற்றோரே கூடி லீக் நடத்துகிறார்கள். ஒரு தாய் அணிக்குப் பயிற்சி அளிப்பார். ஒரு தந்தை தின்பண்டக் கடையைக் கவனித்துக்கொள்வார். வேறொருவர் நடுவராக நிற்பார். இவர்களில் பெரும்பாலோர் ஊதியம் பெறாத தொண்டர்கள். ஆகவே லீக்கைத் தேர்ந்தெடுப்பது ஒரு கடையில் பொருள் வாங்குவது போன்றதன்று. நம்மைப் போன்ற பல குடும்பங்களோடு கூட்டுச் சேர்வதாகும்.

இவ்வமைப்புகளில் புகழ் பெற்றது லிட்டில் லீக். பென்சில்வேனியா மாநிலத்தின் வில்லியம்ஸ்போர்ட் நகரில் 1939-ஆம் ஆண்டு கார்ல் ஸ்டாட்ஸ் என்பவர் மூன்றே அணிகளுடன் இதைத் தொடங்கினார். பெரியவர்களின் திடலும் கருவிகளும் சிறுவர்களுக்குப் பொருந்தவில்லை என்பதைக் கண்டு, தம் சகோதரி மக்களையும் அக்கம்பக்கத்துச் சிறுவர்களையும் ஓடச் சொல்லிப் பார்த்து, அவர்களுக்கு ஏற்ற தூரங்களை வகுத்தார். பின்னர் 1951-இல் போனி, பேப் ரூத் என்னும் வேறு இரு அமைப்புகள் தோன்றின. இவையன்றி, திறமையாளர்களை மட்டும் பொறுக்கியெடுத்து ஊர் ஊராகச் சென்று ஆடும் ‘டிராவல்’ அணிகளும் இன்று பெருகியுள்ளன. இவற்றுக்கிடையே தேர்ந்தெடுக்க ஐந்து கேள்விகள் நமக்கு உதவும்.

முதற் கேள்வி: பிள்ளை ஆடுமா?

வியப்பாக இருக்கிறதா? அணியில் பெயர் இருப்பது வேறு. திடலில் கால் வைப்பது வேறு. சீருடை அணிந்து, பலகையில் அமர்ந்து, மற்றவர் ஆடுவதைப் பார்த்துவிட்டு வீடு திரும்பும் பிள்ளைகள் உண்டு. லிட்டில் லீக்கின் வழக்கமான பருவ ஆட்டங்களில் ஒவ்வொரு பிள்ளையும் ஓர் ஆட்டத்தில் குறைந்தது ஒரு முறை மட்டை பிடிக்க வேண்டும். எதிரணியினர் ஆறு பேர் தொடர்ந்து ஆட்டமிழக்கும் வரையாவது திடலில் நிற்க வேண்டும் என்பது விதி. சேர விரும்பும் லீக்கில் இத்தகைய விதி உண்டா என்று கேட்பதே பெற்றோரின் முதல் கடமை.

‘ஆட விடுவது’ எவ்வளவு பெரிய செய்தி என்பதற்கு வரலாறே சான்று. 1955-இல் தென் கரோலினா மாநிலத்தின் சார்ல்ஸ்டன் நகரில் கானன் தெரு ஒய்.எம்.சி.ஏ.வைச் சேர்ந்த கறுப்பினச் சிறுவர் அணி ஒன்று லிட்டில் லீக் போட்டியில் பெயர் கொடுத்தது. அவர்களோடு ஆட மனமின்றி வெள்ளையர் அணிகள் அனைத்தும் விலகிக்கொண்டன. எதிர்த்து ஆட ஆளில்லாமல் பெற்ற வெற்றி செல்லாது என்னும் விதியால், அச்சிறுவர்கள் அடுத்த சுற்றுக்குப் போக முடியவில்லை. விருந்தினராக வில்லியம்ஸ்போர்ட்டுக்கு அழைக்கப்பட்ட அவர்களைக் கண்டு, “அவர்களை ஆட விடுங்கள்” என்று கூட்டத்தினர் குரல் எழுப்பினர். ஆயினும் அவர்கள் பார்வையாளராகவே இருந்து திரும்பினர். 1955-ஆம் ஆண்டின் மாநில வெற்றிக் கொடி அவர்களுக்குக் கிடைத்தது 2002-இல்! அதற்குள் அவர்கள் நடுவயதைக் கடந்துவிட்டிருந்தனர்.

பெண் பிள்ளைகளின் கதையும் இதைப் போன்றதே. 1950-இல் நியூயார்க் மாநிலத்தின் கார்னிங் ஊரில் கேத்ரின் ஜான்ஸ்டன் என்னும் சிறுமி, தன் பின்னலை வெட்டிக்கொண்டு, ‘டப்பி’ என்ற பெயரில் சிறுவனைப் போல லிட்டில் லீக்கில் சேர்ந்து ஆடினாள். அடுத்த ஆண்டே பெண்கள் ஆடக் கூடாதென்று விதி வந்தது. 1972-இல் நியூ ஜெர்சி மாநிலத்தின் ஹோபோக்கன் நகரில் மரியா பெப்பே என்னும் சிறுமி மூன்று ஆட்டங்களில் பந்து எறிந்தாள். அவளை விலக்காவிட்டால் ஊர் லீக்கின் அங்கீகாரமே போய்விடும் என்ற நிலை வந்ததும் அவள் விலக நேர்ந்தது. வழக்கு எழுந்தது. 1973-இல் அதிகாரி சில்வியா பிரஸ்லர், பெண் பிள்ளைகளுக்கும் இடம் தர வேண்டும் என்று தீர்ப்பளித்தார். 1974 டிசம்பரில் லிட்டில் லீக்கின் சாசனச் சட்டமே திருத்தப்பட்டு, ‘சிறுவர்கள்’ என்றிருந்த இடத்தில் ‘இளையோர்’ என்ற சொல் அமர்ந்தது. ஆனால் வழிதிறந்த மரியாவோ, தீர்ப்பு வருவதற்குள் அந்த வயதைக் கடந்துவிட்டாள். அவள் திறந்த வழியில் பின்வந்தவர்கள் நடந்தனர். 2014-இல் பிலடெல்பியாவைச் சேர்ந்த 13 வயது மோனே டேவிஸ், லிட்டில் லீக் உலகப் போட்டியில் எதிரணியை ஓர் ஓட்டமும் எடுக்கவிடாமல் பந்தெறிந்து வென்ற முதல் பெண் என்ற பெருமை பெற்றாள்.

இன்றும் பெண் பிள்ளைகளைப் பெரிய பந்தைக் கீழ்க்கையால் எறியும் சாஃப்ட்பால் ஆட்டத்துக்குத் திருப்பிவிடும் வழக்கம் உள்ளது. அதுவும் சிறந்த ஆட்டமே. ஆனால் மகள் பேஸ்பால் ஆட விரும்பினால், அவளை மனமுவந்து ஏற்கும் லீக் எது என்று பார்ப்பது பெற்றோரின் பொறுப்பன்றோ!

இரண்டாம் கேள்வி: வயதுக்கேற்ற திடலா?

தொழில்முறை ஆட்டத்தில் தளத்துக்குத் தளம் 90 அடி. பிட்ச்சர் நிற்குமிடம் 60 அடி 6 அங்குலம். லிட்டில் லீக்கின் 12 வயதுக்குட்பட்டோர் திடலில் இவை 60 அடியும் 46 அடியுமாகக் குறைக்கப்பட்டுள்ளன. போனி அமைப்பில் 11, 12 வயதினருக்கு 70 அடியும் 50 அடியும். வேகமாக ஓடும் வலுவான பிள்ளைக்குப் பெரிய திடல் மகிழ்ச்சி தரும். சிறிய உடற்கட்டுள்ள பிள்ளைக்கு அதுவே சோர்வு தரும். ஐந்தாறு வயதுக் குழந்தைகளுக்கு எறியும் பந்தே வேண்டாம். ஒரு குச்சியின் மேல் அசையாமல் வைத்த பந்தை அடிக்கும் ‘டீ பால்’ ஆட்டமே போதும். பக்கத்து வீட்டுப் பிள்ளை எந்தப் பிரிவில் ஆடுகிறது என்று பார்த்து நம் பிள்ளையை ஏற்றிவிடுவது தவறு. உடல் ஊனமுற்ற குழந்தைகளுக்காக 1989 முதல் ‘சேலஞ்சர்’ என்னும் தனிப் பிரிவும் லிட்டில் லீக்கில் நடைபெறுகிறது என்பதையும் இங்கே குறிப்பிட வேண்டும்.

மூன்றாம் கேள்வி: கையைக் காப்பாற்றுவார்களா?

அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்பது பந்து எறிவதற்கும் பொருந்தும். வளரும் பிள்ளையின் எலும்பு முனைகள் இன்னும் மென்மையானவை. தோளுக்கு மேலாகக் கையை வீசி வேகமாக எறியும் ஒவ்வொரு முறையும் முழங்கையின் உட்புறம் இழுபடுகிறது. இரண்டு எறிகளால் கேடில்லை. ஓய்வின்றி நூற்றுக்கணக்கில் எறிவதே கேடு.

1974-இல் டாமி ஜான் என்னும் தொழில்முறை பிட்ச்சரின் முழங்கையில் அறுந்த இணைப்பு நாருக்குப் பதிலாக, மறு கையிலிருந்து எடுத்த தசைநாணைப் பொருத்தி மருத்துவர் பிராங்க் ஜோப் அறுவை சிகிச்சை செய்தார். டாமி ஜான் பெயராலேயே வழங்கும் அச்சிகிச்சை, பிற்காலத்தில் பள்ளி மாணவருக்கும் தேவைப்படும் நிலை வந்தது. 9 முதல் 14 வயது வரையிலான 481 பிட்ச்சர்களைப் பத்தாண்டுகள் தொடர்ந்து கவனித்து, 2011-இல் வெளியான ஆய்வு ஒன்று, ஓராண்டில் 100 இன்னிங்ஸுக்கு மேல் எறிந்தவர்களுக்குக் கடுங்காயம் ஏற்படும் வாய்ப்பு மற்றவரைவிட மூன்றரை மடங்கு என்று கண்டது.

இதனால்தான் லிட்டில் லீக் 2007 முதல் எறிகளை எண்ணும் விதியைக் கொண்டுவந்தது. ஒரு நாளில் 9, 10 வயதினர் 75 எறிகள், 11, 12 வயதினர் 85 எறிகள் என்பதே எல்லை. 66 எறிகளோ அதற்கு மேலோ எறிந்த பிள்ளைக்கு நான்கு நாள் ஓய்வு. இவ்விதியிலும் ஓர் ஓட்டை உண்டு. ஒரு லீக் எண்ணுவதை இன்னொரு லீக் அறியாது. சனிக்கிழமை ஊர் அணிக்கு எறிந்த பிள்ளை ஞாயிறன்று டிராவல் அணிக்கும் எறிந்தால், இரு கணக்கும் தனித்தனியே சரியாகத்தான் இருக்கும், கை ஒன்றுதானே! இரண்டையும் கூட்டிப் பார்க்க வேண்டியவர் தாயும் தந்தையுமே. ஒரு சிறு குறிப்பேடு போதும். ஆண்டில் நான்கு மாதமாவது எறிவதை நிறுத்த வேண்டும் என்பது நிபுணர் அறிவுரை. ஆண்டு முழுவதும் ஆட்டம் உண்டு என்று பெருமை பேசும் அணியிடம் எச்சரிக்கை தேவை. “கை வலிக்கிறது” என்று பிள்ளை சொன்னால் அன்றோடு எறிதல் நிற்க வேண்டும்.

நான்காம் கேள்வி: கற்பிப்பவர் யார்?

பெயர் கொடுக்கும் முன் ஒரு நாள் மாலை திடலோரம் சென்று பேசாமல் நின்று பார்ப்பது நலம். தவறு செய்த பிள்ளையிடம் பயிற்சியாளர் எப்படிப் பேசுகிறார்? தோற்ற அணியும் கைகுலுக்குகிறதா? பெற்றோர்கள் நடுவரைப் பார்த்துக் கூச்சலிடுகிறார்களா? அச்சிட்ட விளம்பரத் தாள் சொல்லாததை இந்த ஒரு மணி நேரம் சொல்லிவிடும்.

பிள்ளைகளின் பாதுகாப்பையும் வெட்கமின்றிக் கேட்க வேண்டும். லிட்டில் லீக்கில் பிள்ளைகளோடு பழகும் தொண்டர்களின் முன்வரலாற்றை ஆண்டுதோறும் சோதிப்பது 2003 முதல் கட்டாயம். சோதனை செய்தீர்களா என்று கேட்டால் நல்ல லீக் கோபிக்காது. மகிழ்ந்து விடை சொல்லும். தலைக்கவசம் எல்லோருக்கும் உண்டா, இடி முழங்கினால் ஆட்டத்தை நிறுத்துகிறார்களா, முழக்கம் அடங்கி அரை மணி நேரம் காத்திருக்கிறார்களா என்பவையும் கேட்கத் தக்கவை.

ஐந்தாம் கேள்வி: வீடு தாங்குமா?

ஊர் லீக்கில் செலவு மிதமானது. கட்டணம் செலுத்த இயலாமையால் எந்தக் குழந்தையும் ஆடாமல் போகக் கூடாதென்பது லிட்டில் லீக்கின் விதி. டிராவல் அணியில் கட்டணத்தோடு பயணம், விடுதி, உணவு எல்லாம் சேரும். வாரக் கடைசிகள் முழுவதும் அதற்கே போகும். வீட்டில் உள்ள மற்றப் பிள்ளைகளின் நேரமும் அதில் அடங்கும். மிகுந்த திறமையும் தணியாத ஆர்வமும் உள்ள பிள்ளைக்கு அது தகுந்த இடமாகலாம். எட்டு வயதில் அவசரமில்லை.

முடிவாக

இவ்வைந்து கேள்விகளையும் கேட்டபின், ஆறாவதாகப் பிள்ளையையே கேட்க வேண்டும். தோழர்கள் எங்கே ஆடுகிறார்கள்? அங்கே போக விருப்பமா? பெற்றோரின் நிறைவேறாத ஆசையைப் பிள்ளையின் தோளில் ஏற்றலாகாது. லிட்டில் லீக்கில் ஆடும் பிள்ளைகளுள் மிகச் சிலரே தொழில்முறை வீரர் ஆகின்றனர். ஆனால் தோல்வியைத் தாங்குதல், முறைக்குக் காத்திருத்தல், அடுத்தவர் பிடித்த பந்துக்குக் கைதட்டுதல் ஆகிய பாடங்கள் அத்தனை பேருக்கும் கிடைக்கின்றன. அதுவும் ஆடினால்தான் கிடைக்கின்றன.

நாளை நாமும் தாய்மாராகவும் ஆசிரியைகளாகவும் பயிற்சியாளர்களாகவும் பிள்ளைகளைத் திடலுக்கு அனுப்பப் போகிறவர்கள். ஆட்டம் பேஸ்பாலோ வலைப்பந்தோ, கேள்விகள் இவையே. கோப்பை அலமாரி நிறைந்த லீக்கைத் தேட வேண்டாம். ஒவ்வொரு பிள்ளையையும் ஆட விட்டு, காயமின்றி வீட்டுக்கு அனுப்பி, அடுத்த ஆண்டும் வர வேண்டும் என்ற ஆசையை அதன் நெஞ்சில் வளர்க்கும் லீக் எதுவோ, அதுவே நல்ல லீக் என்று துணிந்து கூறுவோம்.